மரப்படகுக்கு எபாக்சி பூச மாலைதான் நல்லது
வீட்டில் செய்த மரப்படகுக்கு முதல் கோட் எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும், இறுகிக் கெட்டியாகும் பிசின்) காலையில் பூசாதீர்கள்; வெயில் தாழ்ந்து மரம் ஆறத் தொடங்கும்போது பூசுங்கள். காலையில் பூசினால் மரம் சூடேற ஏற, துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். பூச்சு முழுக்கக் கடுகு கடுகாகக் கொப்புளம். அப்புறம் அத்தனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான். மாலையில் அந்தக் காற்று சுருங்கும், எபாக்சியை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகையின் வெட்டு முனைகள் அதிகம் குடிக்கும், அங்கே கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள்.

இரண்டாவது கோட்டுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், துளைகள் அடைபட்டிருக்கும். பனி இறங்கும் மாலை என்றால் தள்ளிப்போடுங்கள். எபாக்சிக்கு மேலே அடிக்கும் வார்னிஷுக்கும் இந்த மாலைக் கணக்கு பொருந்தாது. ஈரம் பட்டால் பளபளப்பு மங்கிவிடும், பனி காய்ந்த பிறகு காலையில் அடிப்பதே சரி. வெறும் எபாக்சி வெயிலைத் தாங்காது, அதனால் வார்னிஷைத் தவிர்க்காதீர்கள்.