சீசனின் சிறந்த மிட்ஃபீல்டர்கள்: பட்டியல் எங்கே சறுக்குகிறது

மே மாதக் கடைசியில் ஐரோப்பியக் கால்பந்து லீக்குகள் முடிந்த கையோடு ‘இந்த சீசனின் சிறந்த மிட்ஃபீல்டர்கள்’ பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். கோல் அடிப்பதே வேலையான ஸ்ட்ரைக்கர்களின் பட்டியல் போடுபவருக்குக் கோல் எண்ணிக்கையே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். நடுக்களத்தில் ஆடும் மிட்ஃபீல்டர் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. ஆனாலும் பலர் அதே கோல் எண்ணிக்கையை வைத்தே இங்கும் ஒப்பேற்றப் பார்க்கிறார்கள். என்னென்ன பிசகுகிறது என்று பார்க்க 2023-24 சீசன் வசதியானது. எல்லாக் குழப்பங்களும் அந்த ஒரே ஆண்டில் கிடைக்கின்றன.

மூன்று வேலைகளுக்கு ஒரே பெயர்

மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி அந்த சீசனில் பிரீமியர் லீக்கில் 34 ஆட்டங்கள் ஆடி 8 கோல், 9 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த கடைசி பாஸ்). ரியல் மாட்ரிட்டின் ஜூட் பெல்லிங்ஹாம் ஸ்பெயினின் லா லிகாவில் 28 ஆட்டங்கள் ஆடி 19 கோல், 6 அசிஸ்ட். இந்த இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் பெல்லிங்ஹாம்தான் என்று முடித்துவிடலாம்.

ஆனால் இருவரும் ஒரே வேலை செய்யவில்லை. 2023 கோடையில் ஸ்ட்ரைக்கர் பென்ஸிமா கிளம்பியதும் பயிற்சியாளர் அன்செலோட்டி, அவருக்கு ஈடான ஸ்ட்ரைக்கர் இல்லாத அணியை வைத்துக்கொண்டு, நடுக்களத்தை வைர வடிவில் அமைத்தார். அதன் உச்சியில் பெல்லிங்ஹாம். முன்கள ஆட்டக்காரர்கள் வினிசியஸும் ரோட்ரிகோவும் ஓரங்களுக்கு விலகி எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை இழுத்துப் போக, நடுவில் திறக்கும் இடத்துக்குள் ஓடி வருவது அவர் வேலை. ரோட்ரியோ தன் சென்டர்-பேக்குகளுக்கு (நடுத் தடுப்பாட்டக்காரர்களுக்கு) முன்னால் நிற்பவர். பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடியில் எதிரணியின் பதிலடியை முளையிலேயே நிறுத்துவதுதான் அவருடைய முதல் கடமை. அவர் அடித்த 8 கோல் மேல்வரும்படி. கிரிக்கெட்டில் ஓப்பனரையும் ஏழாவதாக இறங்கும் பினிஷரையும் ஸ்ட்ரைக் ரேட் ஒன்றை வைத்தே நாம் ஒப்பிடுவதில்லை. கால்பந்துக்கு வந்தால் அந்த நியாயம் மறந்துபோகிறது.

எனவே முதலில் மூன்று கூடை. தடுப்பு வரிசைக்கு முன் நிற்கும் ‘6’, இரு பெனால்ட்டி பெட்டிகளுக்கும் இடையே ஓடும் ‘8’, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் ‘10’. ஒருவர் ஆடிய நிமிடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் எந்த இடத்தில் ஆடினாரோ அந்தக் கூடையில் போடுங்கள். இதற்கு இணையதளங்கள் ஒட்டும் லேபிளை நம்பக் கூடாது. பிரீமியர் லீக்கின் ஃபேன்டஸி விளையாட்டில் (ரசிகர்கள் கற்பனை அணி சேர்க்கும் விளையாட்டு) அந்த சீசனில் லிவர்பூல் விங்கர் சலாவே மிட்ஃபீல்டர்! ஆட்டத்துக்கு ஆட்டம் அணி வரிசையையும், ஆட்டக்காரரின் சராசரி இருப்பிடம் காட்டும் வரைபடத்தையும் பார்த்தால் உண்மை தெரியும். அர்செனலின் டெக்லன் ரைஸ் இதற்கு நல்ல சோதனை. சீசனின் முன்பகுதியில் பெரும்பாலும் ‘6’. பின்பகுதியில் சக மிட்ஃபீல்டர்கள் ஜோர்ஜினியோவோ பார்ட்டேயோ பின்னால் உட்கார, இவர் இடப்பக்க ‘8’ ஆக ஏறி ஆடிய ஆட்டங்கள் பல. அவருடைய முழு சீசன் எண்களை அப்படியே ரோட்ரிக்கு எதிரே வைத்தால் இருவருக்குமே அநியாயம்.

பெனால்ட்டியைக் கழிக்காத கணக்கு

இன்டர் மிலானின் சால்ஹானோலு அந்த சீசனில் இத்தாலியின் சீரி ஆ-வில் 13 கோல் அடித்தார். ஆழத்தில் நின்று ஆடுபவருக்கு அது பிரமாதமான எண். அதில் 10 பெனால்ட்டி. கழித்தால் மிச்சம் 3. செல்சியின் கோல் பால்மர் அடித்த 22-இல் 9 பெனால்ட்டி. இதற்கெல்லாம் மேலே 2020-21-இன் ஜோர்ஜினியோ: லீக்கில் 7 கோலுடன் செல்சியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், ஏழும் பெனால்ட்டி.

பெனால்ட்டி அடிப்பதும் திறமைதானே என்பார்கள். உண்மை, ஆனால் அந்தத் திறமைக்கு எவ்வளவு மதிப்பெண் என்று கணக்குப் போடலாம். பெனால்ட்டி உள்ளே போகும் வாய்ப்பு சுமார் 0.78. பத்து பெனால்ட்டியில் யார் அடித்தாலும் ஏறக்குறைய எட்டு விழும். பத்தையும் உள்ளே போட்ட சால்ஹானோலுவுக்குக் கூடுதலாகச் சேர வேண்டியது இரண்டு. ஆக அவர் கணக்கு 3 + 2 = 5; 13 அல்ல. இதனால் அவர் மோசமான தேர்வு ஆகிவிடவில்லை. ‘10’ ஆக வளர்ந்தவர் பின்னால் இறங்கி வந்து, 94 புள்ளியோடு பட்டம் வென்ற அணியின் ஆட்டத்தையே நடத்தினார். அவரைப் பட்டியலில் சேர்க்க அந்தக் காரணம் போதும். கோலைக் காட்டிச் சேர்ப்பதுதான் பிழை.

அசிஸ்ட்டிலும் இதே ஓட்டை. 30 ஏப்ரல் 2024 அன்று மியூனிக்கில் டோனி குரூஸ், வினிசியஸ் ஓட வேண்டிய திசையைக் கையால் காட்டிவிட்டு, பாயர்ன் தடுப்பு வரிசையைப் பிளந்து ஒரு பாஸ் கொடுத்தார். அதற்கு ஒரு அசிஸ்ட். பக்கத்தில் நின்றவருக்குப் பந்தைத் தட்டிவிட, வாங்கியவர் நாலு பேரைத் தாண்டி அடித்தாலும் ஒரு அசிஸ்ட்தான். நல்ல பாஸை ஸ்ட்ரைக்கர் வீணடித்தால் கணக்கில் எதுவும் ஏறாது. அதனால் எதிர்பார்ப்பு அசிஸ்ட் எனப்படும் எக்ஸ்-ஏ எண்ணை எடுங்கள்; கொடுத்த பாஸ் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று அளப்பது அது. அதிலும் கார்னர், ஃப்ரீகிக்கில் வந்ததைத் தனியாக வையுங்கள். அணியின் கார்னர்களை யார் எடுப்பது என்பது பயிற்சியாளர் முடிவு. அந்த வேலை கிடைத்தவருடைய எண் தானாக ஏறும்.

நிமிடம்

ஜெர்மனியில் 34 ஆட்டம், இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலியில் 38. பிரான்ஸும் 2023-24 முதல் 18 அணிகளாகச் சுருங்கி 34-க்கு வந்துவிட்டது. எனவே மொத்த எண்ணை நாடு தாண்டி ஒப்பிடாதீர்கள். 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். ஆனால் 700 நிமிடம் ஆடியவருக்கு அந்த விகிதம் ஆகாயத்தில் நிற்கும். லீக் நிமிடங்களில் 60 சதவீதத்தைக் கீழெல்லையாக வைத்தால் 38 ஆட்ட லீக்குக்கு 2,052, 34 ஆட்ட லீக்குக்கு 1,836.

டாக்கிள் அதிகம் என்றால் தடுப்பில் சிறந்தவரா?

ஃபுல்ஹமின் பாலின்யா 2022-23, 2023-24 இரண்டு சீசனிலும் பிரீமியர் லீக்கிலேயே அதிக டாக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) செய்தவர். பந்தைப் பறிப்பதில் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் ஃபுல்ஹம் அந்த சீசன்களில் 10-வது, 13-வது இடத்தில் முடிந்த அணி. பந்து எதிரணியிடம் இருந்தால்தான் டாக்கிள் செய்ய முடியும். 2024 கோடையில் பாயர்ன் அவரை வாங்கியது. பந்தைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருக்கும் அணியில் அவருக்கு முதல் பதினொன்றில் அதிகம் இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடத்தில் டாட்டன்ஹமுக்குக் கடனாகப் போனார்.

இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. 90 நிமிட டாக்கிள் எண்ணை 50-ஆல் பெருக்கி, எதிரணி பந்து வைத்திருந்த சதவீதத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 65 சதவீதம் பந்து வைத்திருக்கும் அணியில் ஒருவர் 1.8 டாக்கிள்: 1.8 × 50 ÷ 35 = 2.57. பந்தில் 45 சதவீதம் மட்டுமே பெறும் அணியில் இன்னொருவர் 3.5: 3.5 × 50 ÷ 55 = 3.18. இரட்டிப்பாகத் தெரிந்த வித்தியாசம் கால்பங்குக்குச் சுருங்குகிறது. இது தோராயக் கணக்குதான். திருத்தாத எண்ணைவிட எவ்வளவோ மேல். இன்னொன்று, சரியான இடத்தில் முன்கூட்டியே நிற்பவருக்கு டாக்கிள் செய்யும் தேவையே குறையும். எந்த அட்டவணையிலும் ஏறாத திறமை அது.

பாஸ் துல்லியத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பக்கவாட்டிலும் பின்னாலும் தட்டிக்கொண்டே இருந்தால் யாருக்கும் 93 சதவீதம் வரும். பந்தை எதிரணிக் கோலை நோக்கிக் கணிசமாக நகர்த்தும் முன்னேற்றப் பாஸ்களைப் பாருங்கள், ஆனால் இரண்டு புள்ளிவிவர நிறுவனங்களின் எண்களைக் கலக்காதீர்கள். வைஸ்கவுட் கணக்கில் சொந்தப் பாதிக்குள்ளேயே போகும் பாஸ் 30 மீட்டர் முன்னேற வேண்டும், பாதியைத் தாண்டினால் 15, எதிரணிப் பாதிக்குள் 10. எஃப்பி-ரெஃப் தளம் பயன்படுத்திய வரையறையில் அளவு 10 கெஜம். களத்தின் பின் 40 சதவீதத்தில் தொடங்கும் பாஸ் சேராது. ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு தளத்தில் இரண்டு எண் வருவதன் காரணம் இதுதான்.

‘அவர் இல்லாமல் தோற்றார்கள்’ என்ற வாதம்

ரோட்ரிக்காகச் சொல்லப்படும் பெரிய வாதம்: 2023-24 லீக்கில் சிட்டி தோற்றது மூன்றே ஆட்டம் – வுல்வ்ஸ், அர்செனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி ஆடவில்லை. கேட்டதும் அசந்துபோக வைக்கும் தகவல்தான். ஆனால் அவர் ஆடாத லீக் ஆட்டங்கள் மொத்தமே நான்கு. அதை வைத்து விகிதம் போட முடியாது. மூன்றும் வெளியூர் ஆட்டங்கள். அந்த மூன்றிலும் சிட்டியின் இன்னொரு முக்கிய மிட்ஃபீல்டர் கெவின் டி ப்ரூய்னேயும் இல்லை. ஆகஸ்ட்டில் காயப்பட்டவர் ஜனவரியில்தான் திரும்பினார். தோல்வியை யார் கணக்கில் எழுதுவது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் இரண்டு ஆட்டங்களை ரோட்ரி இழந்தது நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக வாங்கிய ரெட் கார்டால். மூன்றாவதை இழந்தது மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால். காயமாக இருந்தால் விதி என்று விடலாம். தடையால் உட்கார்ந்ததையே அவருக்குச் சாதகமான சான்றாக நீட்டுவது கொஞ்சம் அதிகம். ரோட்ரியைத் தேர்ந்தெடுக்க அவர் ஆடிய 34 ஆட்டங்களே போதும்.

பெயருக்கு விழும் ஓட்டு

ஆட்டக்காரர்களே ஓட்டுப் போடும், ஆட்டக்காரர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோவின் உலகப் பதினொன்று 2024-இல் நடுக்களத்தில் ரோட்ரி, குரூஸ், பெல்லிங்ஹாம், டி ப்ரூய்னே. அந்த சீசனில் டி ப்ரூய்னே ஆடிய லீக் ஆட்டங்கள் 18. திரும்பி வந்தபின் அவர் ஆடிய ஆட்டம் அருமை, 10 அசிஸ்ட் கொடுத்தார். என்றாலும் பாதி சீசன் அது. தோல்வியே காணாமல் 90 புள்ளியோடு ஜெர்மன் லீக் பட்டம் வென்ற லெவர்குசனின் கிரானிட் சாக்கா அந்தப் பதினொன்றில் இல்லை. தொழிலில் இருப்பவர்களே இப்படிச் செய்யும்போது நாம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: பெயரை மறைத்துவிட்டு எண்களையும் நிமிடங்களையும் மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நினைவும் ஏமாற்றும். பெல்லிங்ஹாம் முதல் 10 லா லிகா ஆட்டங்களில் 10 கோல் அடித்தார். மீதி 18-இல் 9. சாம்பியன்ஸ் லீக்கில் அடித்த 4 கோலும் குழுச் சுற்றிலேயே. அதே சமயம் அந்தப் போட்டியின் வெம்பிளி இறுதியாட்டத்தில் அணியின் இரண்டாவது கோலை வினிசியஸ் அடிக்கப் பந்து கொடுத்தவரும் அவர்தான். சீசனை ஆகஸ்ட்–டிசம்பர், ஜனவரி–மே என்று பிரித்து எழுதினால் யாருடைய வரைபடம் சரிகிறது, யாருடையது ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

எந்தெந்தப் போட்டிகள் கணக்கில் வரும் என்பதையும் முதலிலேயே எழுதிவையுங்கள். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது 2022 முதல் காலண்டர் ஆண்டை விட்டுவிட்டு ஆகஸ்ட்–ஜூலை சீசனைப் பார்க்கிறது. அதனால்தான் ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோ 2024-இல் தொடரின் சிறந்த ஆட்டக்காரராக வந்தது ரோட்ரிக்கு அந்த ஓட்டெடுப்பில் கைகொடுத்தது. கிளப் ஆட்டம் மட்டும் என்று தொடங்கிவிட்டுப் பாதியில் யூரோவை நுழைத்தால் பட்டியல் குளறுபடியாகும்.

கடைசியில், முழு ஆட்டம்

எண்களில் தேறியவர்கள் கூடைக்கு ஐந்து பேர் என்று வந்ததும் ஒவ்வொருவருக்கும் மூன்று முழு ஆட்டம் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், மிட்ஃபீல்டர் செய்யும் வேலையில் பாதி அதில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஒன்று பெரிய அணிக்கு எதிரானது, ஒன்று ஆழமாக உட்காரும் சிறிய அணிக்கு எதிராக வெளியூரில், ஒன்று தோற்ற ஆட்டம். பந்து வருவதற்கு முன் எத்தனை முறை தோளைத் திருப்பிப் பார்க்கிறார், வாங்கும்போது உடல் முன்னோக்கித் திறந்திருக்கிறதா, அணி பந்தை இழக்கும் நொடியில் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சாக்காவுக்குத் தோற்ற ஆட்டம் தேடுவது சிரமமில்லை. லெவர்குசன் அந்த சீசன் முழுக்க, 53 ஆட்டங்களில், தோற்றது ஒன்றே ஒன்று: 22 மே 2024, டப்ளினில் யூரோப்பா லீக் இறுதி, அட்லாண்டா 3-0. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு நெருக்கிய அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப இடம் கிடைத்ததா, ஒட்டியவரை இழுத்துக்கொண்டு விலகி மற்றவர்களுக்கு வழி திறந்தாரா என்று பாருங்கள். அதையும் பார்த்தபின் ‘8’ கூடையில் குரூஸுக்குப் பக்கத்தில் அவரை வைக்கத் தோன்றினால், தயங்காமல் வையுங்கள்.