சந்தையின் பயத்தை வாரம் ஒருமுறை அளப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டக் கிளம்புகிற நேரத்தில்தான் நியூயார்க் பங்குச் சந்தை மூடும். நம் கடிகாரத்தில் விடிகாலை 4 மணி. அங்கே குளிர்காலம் என்றால் 5 மணி. பசியாற உட்காரும்போதே முதல் எண் கைக்கு வந்துவிடும். ஆனாலும் தினமும் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை காலை அரை மணி நேரமும் கோடு போட்ட ஒரு நோட்டும் போதும்.

நோட்டில் ஆறு பத்தி பிரியுங்கள்: தேதி, கேஎல்சிஐ (மலேசியப் பங்குச் சந்தையின் முக்கியக் குறியீடு) முடிவு, விக்ஸ், ஏஏஐஐ, ஏறிய–இறங்கிய பங்குகள், வெளிநாட்டார் பணம்.

முதலில் விக்ஸ். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளை வைத்துச் சொல்கிற எண் இது. வெள்ளிக்கிழமை முடிவை மட்டும் எழுதுங்கள். நடுவில் எகிறிய உச்சம் வேண்டாம். அதை 16-ஆல் வகுத்தால், ஒரு நாளில் எத்தனை சதவீத ஆட்டத்தைச் சந்தை எதிர்பார்க்கிறது என்று தெரியும். 16 என்றால் 1%, 32 என்றால் 2%. 20-க்குக் கீழே அமைதி. 30-ஐத் தாண்டினால் பயம்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். விக்ஸ் உச்சத்துக்குப் போய்விட்டது, இனி விலை இறங்காது என்று கையிலிருப்பதையெல்லாம் போட்டுவிடுகிறார்கள். 2020 மார்ச் 16 அன்று விக்ஸ் 82.69-இல் முடிந்தது. கேஎல்சிஐ 19-ஆம் தேதி 1,219.72-க்கு இறங்கி அங்கிருந்து மீண்டது. அமெரிக்கச் சந்தை 23-ஆம் தேதி அடிமட்டம் தொட்டது. காத்திருப்பு ஒரே வாரம். ஆனால் 2008 நவம்பர் 20 அன்று விக்ஸ் 80.86, அமெரிக்கச் சந்தையின் அடிமட்டமோ 2009 மார்ச் 9. கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து, இன்னும் 10% கீழே! பயம் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லும், எந்த நாளில் தீரும் என்பதைச் சொல்லாது.

அடுத்தது ஏஏஐஐ. அமெரிக்கத் தனிநபர் முதலீட்டாளர் சங்கம் 1987 முதல் வாராவாரம் தன் உறுப்பினர்களிடம் கேட்கிறது: ஆறு மாதத்தில் சந்தை ஏறுமா, இறங்குமா, அப்படியே கிடக்குமா? முடிவு வியாழக்கிழமை வரும். ஏறும் என்பவர்களிலிருந்து இறங்கும் என்பவர்களைக் கழியுங்கள். 28% ஏறும், 47% இறங்கும் என்றால் -19. -20-க்குக் கீழே போனால் சிவப்பு மையில் எழுதுங்கள். 2009 மார்ச் 5 அன்று 70.3% பேர் இறங்கும் என்றார்கள். சில நாளில் சந்தை திரும்பிவிட்டது. மறுபக்கத்தை அந்த அளவுக்கு நம்ப முடியாது. எல்லாரும் உற்சாகமாக இருக்கும்போதே சந்தை மாதக்கணக்கில் ஏறிக்கொண்டு போகும். 2017 முழுக்க விக்ஸ் சராசரியாக 11-தான். பயமே இல்லையே என்று விற்று ஒதுங்கியவர்கள் அந்த வருடத்து ஏற்றத்தை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது நம் வீட்டுக் கணக்கு. கேஎல்சிஐயில் 30 நிறுவனங்கள்தான், அதனால் நாலு பெரிய வங்கிகள் ஏறினாலே குறியீடு பச்சையாகத் தெரியும். நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் தினமும் ஏறியவை எத்தனை, இறங்கியவை எத்தனை என்று பார்த்து ஐந்து நாளையும் கூட்டுங்கள். இறங்கியவை இரண்டு மடங்கானால் பயம் என்று குறியுங்கள். இதில் வாரண்டுகளும் (பங்கைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் பத்திரங்கள்) சேர்ந்திருக்கும், ஆகவே ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நான்காவது, வெளிநாட்டார் வாங்கியது கழித்தல் விற்றது. ஒரு வாரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான்கு வாரத்தைக் கூட்டுங்கள். பக்கத்திலேயே உள்நாட்டுச் சிறு முதலீட்டாளர் கணக்கையும் பாருங்கள். 2020-இல் வெளிநாட்டார் விற்றுக்கொண்டே இருக்க, நம் ஆட்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கையுறைப் பங்குகள் அந்த வருடம் உச்சிக்குப் போய், 2021-இல் விழுந்தன. சேமநிதியிலிருந்து எடுத்த பணம் அதில் மாட்டினால் மீட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கில் மூன்று ஒரே வாரத்தில் பயத்தைக் காட்டினால், ஒதுக்கி வைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இறக்கலாம். 3,000 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் 1,000. பங்கு 2 வெள்ளி 50 காசு என்றால் 4 லாட், அதாவது 400 பங்கு. நான்கு வாரம் கழித்தும் பயம் தீரவில்லையென்றால் அடுத்த 1,000. இதைவிடச் சின்னதாகப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சத் தரகுக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். மூன்று சேராத வாரங்களில் எழுதி மூடி வையுங்கள். பெரும்பாலான வாரங்கள் அப்படித்தான் போகும்.

ஐஓஐ, கேஎல்கே போன்ற தோட்டப் பங்குகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோட்டு பாதிதான் உதவும். அவை செம்பனை எண்ணெய் விலையோடு ஆடுபவை. ஏழாவதாக ஒரு பத்தி போட்டு, வெள்ளிக்கிழமை எண்ணெய் வாய்தா விலையை (பின்னாளில் கைமாறும் எண்ணெய்க்கு இப்போதே பேசும் விலை) டன்னுக்கு இத்தனை வெள்ளி என்று எழுதிக்கொள்ளுங்கள்.