மெட்ரோ வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தை முடிவு செய்யாதீர்கள்

புதிய ஊரில் சுரங்க ரயில் ஏறுகிறீர்களா? நிலையச் சுவரில் இருக்கும் வண்ண வரைபடம் எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்று சொல்லும். தூரத்தைச் சொல்லாது. 1933-இல் லண்டனில் வெளியான, ஹாரி பெக் என்ற வரைவாளர் உருவாக்கிய சுரங்க ரயில் வரைபடம்தான் இதற்கு முன்னோடி. பாதைகளை நேர்கோடுகளாகவும் 45 பாகைச் சாய்வுகளாகவும் வரைந்து, நெரிசலான நகர மையத்தைப் பெரிதாக்கி, புறநகரைச் சுருக்கிவிட்டார். அருமையான யோசனை! இன்று பல நகரங்கள் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன.

ஆனால் நகர மையத்தில் இது நம்மை ஏமாற்றிவிடும். அதே லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் நிலையங்களுக்கு இடையே வெறும் 260 மீட்டர்தான். கீழே இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேலே வருவதற்குள் நடந்தே போய்விடலாம். அதனால் ஒன்றிரண்டு நிலையப் பயணம் என்றால், அதிலும் நடுவில் ரயில் மாற வேண்டுமென்றால், முதலில் கைபேசியின் சாதாரண வரைபடத்தில் நடைதூரத்தைப் பாருங்கள். தெருக்களும் பழகிவிடும்.

இன்னொன்று, வெளியேறும் வாயிலின் எண்ணை ரயில் ஏறும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெரிய நிலையங்களில் வாயில் மாறிப்போனால் அகலமான சாலையின் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்க நேரிடும். முதியவர்கள், குழந்தைகளோடு போகும்போது எந்த வாயிலில் லிஃப்ட் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். எல்லா வாயில்களிலும் அது இருப்பதில்லை.