ஹெட்செட்டுக்குள் காதை நெரிக்காத கூலிங் கிளாஸ்

விமானம் ஓட்டப் படிக்கிற நம்ம நெல்லைப் பிள்ளைகள் கூலிங் கிளாஸ் வாங்கும்போது முதலில் காதுக்கம்பியைப் பாருங்கள், லென்ஸ் அப்புறம். ஹெட்செட்டின் மெத்தை, கம்பியைக் காதுக்கு மேலே இருக்கிற எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். கம்பி தடியாக இருந்தால் அரை மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து, தலைவலியே வந்துவிடும். அதோடு மெத்தை தூக்கிக்கொண்டு நிற்கிற சின்ன இடைவெளி வழியாக இன்ஜின் சத்தமும் உள்ளே வரும், இரைச்சலைக் குறைக்கிற ஹெட்செட்டாக இருந்தாலும் சரி.

மெல்லிய, தட்டையான உலோகக் கம்பி நல்லது. நுனி வளையாமல் நேராக இருந்தால் ஹெட்செட்டைக் கழற்றாமலே செருகலாம், உருவலாம்.

பாளையங்கோட்டையில் கடைக்குப் போனால் ஹெட்செட்டையும் கையோடு கொண்டு போங்கள். முதலில் கண்ணாடி, அதன் மேல் ஹெட்செட் என்று மாட்டி, கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, இருபது நிமிடமாவது கழற்றாமல் இருந்து பாருங்கள். விரலை மெத்தையின் ஓரத்தில் ஓட்டினால் இடைவெளி தட்டுப்படும்.

பிரதிபலிக்கிற ஒளியின் கூச்சத்தைக் குறைக்கிற போலரைஸ்டு லென்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், காக்பிட் திரைகள் சில கோணங்களில் கருத்துப்போகும். வெயிலில் தானாகக் கருக்கும் லென்ஸும் விமானத்தின் முன்கண்ணாடிக்குப் பின்னால் சரியாகக் கருக்காது. புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுக்கிற சாம்பல் நிற லென்ஸ் போதும், நிறங்களை மாற்றிக் காட்டாது.

இருக்கிற கண்ணாடியே அழுத்தினால், ஹெட்செட்டுக்கு ஜெல் மெத்தை மாற்றிப் பாருங்கள்.