வளைகுடாவில் முதல் நோன்பு: வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஷார்ஜா ரூமில் ஒவ்வொரு ரமலானுக்கும் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்வார். ஊரில் ஏழெட்டு வயதிலிருந்தே நோன்பு வைத்துப் பழகியவராக இருப்பார். "இதுல எனக்கு என்ன காக்கா (அண்ணன்) புதுசு?" என்று கேட்பார். பத்தாவது நோன்புக்குள் முகம் வாடி, வேலையில் எதையாவது கோட்டை விட்டுவிட்டு வந்து உட்காருவார். 2018-ல் நானும் இதையேதான் சொன்னேன், இதேபோல்தான் வந்து உட்கார்ந்தேன்.

ஊரில் நம் நோன்பில் பாதியை வீடு சுமக்கிறது. சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடும் நோன்புச் சாப்பாட்டுக்கு, உம்மா எழுப்புவார். அவர் எழுப்பாவிட்டாலும் தெருவில் தப்ஸ் பறை அடித்துப் பாடிக்கொண்டு வரும் பக்கீர் எழுப்பிவிடுவார். பிற்பகல் அசர் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல் கஞ்சி தூக்குவாளியில் வந்துவிடும். இங்கே அத்தனையையும் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நிறையத் தண்ணீர் குடி, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

சஹரை ராத்திரி பன்னிரண்டு மணிக்கே முடித்துக்கொள்வது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் எனக்கு இன்றைக்கும் கோபத்தை வரவழைக்கிறது. தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்து ரூமுக்கு வந்து, ஊருக்கு வீடியோ கால், கொஞ்சம் கேரம் என்று மணி பன்னிரண்டாகிவிடும். அப்போது யாராவது ஒருவர், "இப்பவே சாப்பிட்டுப் படுத்துட்டா தூக்கம் கெடாதுல்ல" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ரூமே தட்டைத் தூக்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018-ல் ரமலான் மே மாதம் 17-ம் தேதி தொடங்கியது. நோன்பு தொடங்கும் சுபுஹு (விடியற்காலை) பாங்கு நாலு மணி தாண்டிச் சொல்வார்கள், நோன்பு திறக்கும் மஃரிப் (அந்தி) பாங்கு ஏழு மணியை ஒட்டி. சஹர் நேரத்தில் சாப்பிட்டவருக்கு நோன்பு பதினைந்து மணி நேரம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவருக்குப் பத்தொன்பது மணி நேரம். நாலு மணி நேரத்தை நாமே கூட்டிக்கொள்கிறோம், அதுவும் மே மாத வெயிலில்.

நான் அப்போது கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் வேலையில் இருந்தேன். ஐந்து நாள் தொடர்ந்து நள்ளிரவுச் சாப்பாடுதான். ஐந்தாம் நாள் பகல் இரண்டு மணிக்கு மேல் ஒரு ஆர்டர் அனுப்பினேன். 12 எம்எம் கம்பி வேண்டிய இடத்தில் 16 என்று அடித்திருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எண் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலை டிரெய்லர் சைட்டுக்குப் போய் நின்ற பிறகு ஃபோர்மேன் போன் செய்தபோதுதான் தெரிந்தது. திருப்பி அனுப்பிய வண்டி வாடகையில் 1,200 திர்ஹம் என் பங்காக வந்தது. அந்தப் பெருநாளுக்கு ஊருக்குத் துணி எடுக்கப் பணம் அனுப்ப முடியவில்லை. அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சஹர் உணவில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்பது நபிமொழி. அதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிச் சாப்பிடுவதுதான் சுன்னத், அதாவது நபிவழி. சிறுவயதில் ஓதிய இடத்திலேயே இதைப் படித்திருக்கிறோம். இருந்தும் ரூமுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இப்போது எங்கள் ரூமில் உள்ள வழக்கத்தைச் சொல்கிறேன். தராவீஹ் முடிந்து வந்து பத்து, பத்தரைக்குள் விளக்கை அணைத்துவிடுவோம். போனில் அலாரம் வைத்துத் தலைமாட்டில் போட்டால், தூக்கத்திலேயே கை அதை அமுக்கிவிடும். அதனால் ஆள் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர், பாங்குக்கு முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்து மற்றவர்களைக் காலைத் தட்டி எழுப்ப வேண்டும். சாப்பாடும் லேசுதான்: குப்பூஸ் ரொட்டி, இரண்டு முட்டை, தயிர், வாழைப்பழம். கருவாடும் ஊறுகாயும் அந்த நேரத்துக்கு வேண்டாம், காலை பத்து மணிக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சுபுஹு தொழுதுவிட்டு வேலைக்குக் கிளம்பும்வரை இன்னொரு தூக்கம். மதிய லுஹர் தொழுகைக்கு அப்புறம் தொழுகை அறையில் இருபது நிமிடம் கண்ணை மூடினால் அசர் வரை தாங்கும்.

இன்னொன்று. எண்ணும் பணமும் சம்பந்தப்பட்ட வேலையைக் காலை பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் அப்படி எதையாவது அனுப்பியே தீர வேண்டும் என்றால், பக்கத்து சீட்டில் இருப்பவரை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இன்றும் கேட்கிறேன்.

முதல் நோன்பன்று டீயை நிறுத்துவது

ஒரு நாளைக்கு ஐந்து கரக் டீ குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டாம் நோன்பின் மதியத்துக்குள் தலை பிளக்கும். பசி என்று நினைத்துக்கொள்வார். ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானின் கடைசி வாரத்திலேயே மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துவிட வேண்டும்.

வேலை நேரத்தைக் கேட்காமலே இருப்பது

ஐக்கிய அமீரகத்தில் தனியார் வேலையில் ரமலான் மாதம் தினமும் இரண்டு மணி நேரம் குறைப்பு உண்டு. நோன்பு வைக்காதவர்களுக்கும் அது சேரும். சவூதியில் முஸ்லிம் ஊழியர்களுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு 36. புதிதாக வந்த தம்பிகள், கேட்டால் முதலாளி கோபிப்பார் என்று வாயைத் திறப்பதில்லை. சூப்பர்வைசரிடம் முதல் நாளே மரியாதையாகக் கேளுங்கள். குறைகிற இரண்டு மணி காலையில் கிடைக்குமா, மாலையில் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காலையில் கிடைத்தால் சுபுஹுக்குப் பின் தூங்க நேரம் கூடும். வெயிலில் நிற்கும் வேலை என்றால் மாலையில் சீக்கிரம் முடிவதுதான் நல்லது.

மஃரிபுக்கு வண்டியை விரட்டுவது

வேண்டாம். காரில் நாலு பேரீச்சம்பழமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் போதும்.

வேறு ஊர் அட்டவணையைப் பார்த்து நோன்பு திறப்பது

துபாய்க்கும் அபுதாபிக்கும் ஏறக்குறைய நாலு நிமிட வித்தியாசம்.

மாத்திரை நேரத்தை நாமே மாற்றுவது

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, எந்த மருந்து இஃப்தாருக்கு, எது சஹருக்கு, அளவு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரூமில் இருப்பவர் சொன்னதைக் கேட்டுப் பாதி மாத்திரை போடாதீர்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே இறங்கினால் மஃரிபுக்கு அரை மணி நேரமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட்டு ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள், அந்த நோன்பைப் பிறகு வேறொரு நாளில் களா (ஈடு) செய்துகொள்ளலாம்.