ஒற்றைக் கோர்ட் கிளப்பிலிருந்து போட்டிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை முதலில் விடுங்கள்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. அதுதான் எங்கள் கிளப். ஆசிரியர்கள், மின்வாரியத்தில் வேலை செய்பவர்கள், ஒரு முந்திரி வியாபாரி, ஒரு கால்நடை மருத்துவர், அப்புறம் பந்து பொறுக்க வந்து ஆடக் கற்றுக்கொண்ட பையன்கள் என்று பதினைந்து பேர் தேறுவோம். தை பிறந்தால் சீசன். வைகாசி வரை சுற்றுவட்டாரத்தில் எங்காவது டபுள்ஸ் போட்டி நடந்துகொண்டே இருக்கும். போவோம், பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வருவோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஆளாளுக்கு "பேக்ஹேண்ட்தான் காலை வாரிவிட்டது" என்று பேசிக்கொண்டே வருவோம்.

பல வருடம் இப்படித் தோற்ற பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒரே கோர்ட்டில், அதே நாலு பேரோடு, செத்த பந்தில், நமக்கு வசதியாக நாமே வைத்துக்கொண்ட விதிகளில் வருடம் முழுக்க ஆடுகிறோம். அந்த வசதி கையிலும் காலிலும் ஊறிவிடுகிறது. வெளியூரில் அது எதுவும் கிடைக்காது. பேக்ஹேண்டைத் திருத்துவதற்கு முன்னால் திருத்த வேண்டியவை நிறைய இருக்கின்றன, அதில் பாதிக்குப் பயிற்சியாளரே தேவையில்லை.

முதலில் கோர்ட். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் கோர்ட் கிட்டத்தட்ட அழிந்துதான் போகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது கோர்ட் எது, பக்கத்துக் கொல்லை எது என்றே தெரியவில்லை. அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் மழை விட்டதும் நாம் செய்கிற வேலைதான் கோர்ட்டை அதிகம் கெடுக்கிறது. தேங்கின தண்ணீரைத் தென்னந்துடைப்பத்தால் வேகமாகத் தள்ளுவோம், மேலே இருக்கிற நல்ல மண்ணும் சேர்ந்து போய்ப் பள்ளம் விழும். பழைய சாக்கை விரித்து ஊறவைத்து எடுத்துப் பிழிந்தால் மெதுவாகத்தான் வேலை நடக்கும், ஆனால் மண் இருந்த இடத்தில் இருக்கும். அடுத்தது, பள்ளத்தின் மேல் புது மண்ணை அப்படியே கொட்டி ரோலர் இழுப்பது. அது காய்ந்ததும் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்துவிடும். பழைய பரப்பைக் கொத்திவிட்டு, தண்ணீர் தெளித்து, அதன் பிறகு புது மண்ணைப் போட்டால்தான் பிடிக்கும். ரோலர் எப்போது இழுக்கலாம் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு சோதனை உண்டு: கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. ஒட்டினால் காத்திருங்கள். பொறுமை இல்லாமல் ஈரத்தில் யாராவது ஒருவர் நடந்தால் போதும், அந்தக் கால் தடம் காய்ந்து இறுகி, பந்து அதில் பட்டு எகிறுவது மாசி வரை தொடரும்.

கோடு போடுவதில் நடக்கிற தவறு யார் கண்ணிலும் படாது. பழைய ஆணி இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்துச் சுண்ணாம்பு போட்டுவிடுகிறோம். சர்வீஸ் விழ வேண்டிய எங்கள் கட்டம் ஒருமுறை ஒரு பக்கம் ஏறக்குறைய முக்கால் அடி நீளமாக இருந்தது, ஒரு சீசன் முழுக்க அதில்தான் ஆடினோம். அந்த வருடம் வெளியூரில் எங்கள் ஆட்கள் இரண்டு சர்வீஸையும் வெளியே அடித்துப் பாயின்ட்டை விட்ட டபுள் ஃபால்ட்டுகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கோர்ட் நீளம் 78 அடி, டபுள்ஸ் அகலம் 36 அடி. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் 85 அடி 11 அங்குலம் வர வேண்டும், இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 21 அடி. இரண்டு பேர், ஒரு நீள டேப், அரை மணி நேரம் இருந்தால் போதும்.

நெட்டும் அப்படித்தான். நடுவில் 3 அடி, கம்பத்தில் மூன்றரை அடி. கிராமத்து கிளப்புகளில் முறுக்குகிற கைப்பிடி துருப்பிடித்துப் போயிருக்கும், நடுவில் கட்டுகிற பட்டையும் இருக்காது, நெட் தொய்ந்து கிடக்கும். தொய்ந்த நெட்டில் வருடம் முழுக்க ஆடியவன் வெளியூரில் சரியான நெட்டைப் பார்த்தால் அடிக்கிற பந்தெல்லாம் மேல் நாடாவில் போய் இடிக்கும். ஒரு ராக்கெட்டை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்கே வைத்தால் ஏறக்குறைய 36 அங்குலம் வரும். தினமும் ஆட்டத்துக்கு முன்னால் இதைப் பார்க்கிற வேலையை ஒரு பையனிடம் விட்டுவிடுங்கள்.

பந்து. ஒரு டப்பா சில நூறு ரூபாய், அதனால் ஒரு செட் பந்தை மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். டப்பாவைத் திறந்த நாளிலிருந்தே பந்து உள்ளழுத்தத்தை இழக்கத் தொடங்குகிறது. விதிப்படி 100 அங்குல உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 53 முதல் 58 அங்குலம் எழும்ப வேண்டும். நம் பந்து முழங்காலைத் தாண்டாது. தாழ்ந்து வருகிற பந்துக்குக் குனிந்து, காத்திருந்து அடித்துப் பழகிவிடுகிறோம். போட்டியில் புதுப் பந்து வந்து தோள் உயரத்துக்கு எகிறும்போது முதல் நாலு கேம் அதைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். குறுகிய ஆட்டங்களில் நாலு கேம் என்பது பாதி ஆட்டம். தினமும் புதுப் பந்து வாங்கச் சொல்லவில்லை. போட்டிக்கு முந்தைய பத்து நாளுக்கு மட்டும், சந்தாவிலிருந்தே ஒதுக்கி, இரண்டு டப்பா திறங்கள். அந்தச் செலவை யார் தலையிலும் கட்டாமல் மழைக்காலத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

"குறுகிய ஆட்டம்" என்றேன் அல்லவா, அதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. நம் பக்கம் நடக்கிற பல போட்டிகளில் மூன்று செட் கிடையாது. 'பெஸ்ட் ஆஃப் 15' என்றால் முதலில் எட்டு கேம் எடுப்பவர் ஜெயிப்பார், 7-7 என்றால் பாயின்ட் கணக்கில் ஆடி முடிவு செய்கிற டைபிரேக். 'பெஸ்ட் ஆஃப் 17' என்றால் ஒன்பது கேம், 8-8-ல் டைபிரேக். சில இடங்களில் டியூஸில் (40-40) அட்வான்டேஜே கிடையாது, அதாவது இரண்டு பாயின்ட் வித்தியாசம் தேவையில்லை, ஒரே பாயின்ட்டில் கேம் முடிந்துவிடும். அழைப்பிதழில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. மெதுவாகச் சூடு பிடிக்கிற ஜோடிக்கு இந்த முறையில் நேரமே இருக்காது. மூத்தவர்களுக்கான போட்டிகளில் இருவர் வயதையும் கூட்டி 90, 100, 110 என்று பிரிவு வைப்பார்கள். நம் கிளப்பில் யாரும் யாரும் சேர்ந்தால் எந்தப் பிரிவில் பலமாக இருப்போம் என்று மார்கழியிலேயே கணக்குப் போட்டு, அந்த ஜோடிகளைச் சேர்ந்து ஆட வையுங்கள். போட்டிக்கு முதல் நாள் இரவு போன் போட்டு ஜோடி பிடிப்பது வேலைக்கு ஆகாது.

அப்புறம் நம்முடைய பெரிய கெட்ட பழக்கம், "டவுட்டா? லெட் வெச்சுக்கலாம்." அதாவது அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடலாம் என்பது. நட்புக்கு நல்லதுதான், ஆனால் விதியில் அப்படி ஒன்று கிடையாது. நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கம் விழுகிற பந்தை அவரவர் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் அது உள்ளேதான். கோட்டைத் தொட்டாலும் உள்ளே. டபுள்ஸில் நீங்கள் "அவுட்" என்று சொல்லி உங்கள் பார்ட்னர் "இன்" என்றால் அதுவும் உள்ளேதான். வீட்டில் லெட் கேட்டுப் பழகியவர் வெளியூரில் லெட் கேட்பார், தர மாட்டார்கள், கோபம் வரும், அடுத்த மூன்று பாயின்ட்டும் அந்தக் கோபத்திலேயே போகும். மண் கோர்ட்டில் தடம் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் எந்தத் தடம் என்று தெரிய வேண்டும் என்றால் கோர்ட்டை ஆட்டத்துக்கு முன் பிரஷ் போட்டு இழுத்திருக்க வேண்டும். சர்வீஸ் போடுபவர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இதையும் வீட்டிலேயே பழகுங்கள். ஸ்கோர் சண்டையில் பாதி, ஸ்கோரைச் சொல்லாததால் வருவது.

பயிற்சி என்றால் கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு முதல் சர்வீஸை ஓங்கி ஓங்கி அடிப்பது என்று பையன்கள் நினைக்கிறார்கள். இரண்டாவது சர்வீஸையும், எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிக்கிற ரிட்டர்னையும் யாரும் தொடுவதே இல்லை. 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் வேகமான சர்வீஸுக்குப் பெயர் பெற்றவர் அல்ல, பந்தை இடம் பார்த்து வைக்கிற கைக்குப் பெயர் பெற்றவர். அவர் கதையை எங்கள் பையன்களுக்கு நான் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெயில், காற்று இரண்டையும் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் காலை ஆறரைக்குப் பனியில் பந்து ஈரம் குடித்துக் கனக்கும், ஓங்கி அடித்தாலும் நகராது. சித்திரையில் கடலூர் கடற்கரைப் பக்கமோ புதுச்சேரியிலோ மாலையில் ஆடினால் கடற்காற்று தூக்கும். சர்வீஸுக்குப் பந்தை உயரமாக எறியாதீர்கள், எதிர்க்காற்றில், எதிராளியின் தலைக்கு மேல் தூக்கி அடிக்கிற லாபை இன்னும் ஆழமாக அடியுங்கள். உள்ளூரில் தென்னைகளுக்கு நடுவே ஆடுகிறவர்களுக்கு இந்தக் காற்று புதிது, அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ப் பத்து நிமிடமாவது அடித்துப் பாருங்கள். போகிற வழியில் ஓட்டலில் பொங்கலும் வடையும் ஒரு கட்டு கட்டிவிட்டு ஒன்பது மணிக்குக் கோர்ட்டில் இறங்காதீர்கள். இட்லி போதும், அதுவும் இரண்டு மணி நேரம் முன்னால். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட மோர் வைத்துக்கொண்டு, பக்கம் மாறும்போது கிடைக்கிற 90 விநாடி இடைவேளை ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் குடியுங்கள். முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது உட்கார அனுமதி இல்லை, ஓடிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேச்சு வாங்காதீர்கள்.

ஷூ விஷயம் மனதுக்குக் கஷ்டமானது. எங்கள் பையன்கள் செம்மண்ணில் வெறுங்காலோடு அழகாகச் சறுக்கி ஆடுவார்கள். போட்டிக்கு ஷூ கட்டாயம். முதல் நாள் யாராவது வாங்கித் தருவார்கள், அல்லது யாருடையதையாவது போட்டுக்கொண்டு போவான். மூன்றாவது கேமில் குதிகாலில் கொப்புளம். வாங்கித் தருவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிக் கொடுங்கள், அவன் அளவிலேயே வாங்கிக் கொடுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். எங்கள் கிளப்பில் இன்றைக்கு நன்றாக ஆடுகிறவன் பதினேழு வயதுப் பையன், ஆறு வருடம் முன்னால் பந்து பொறுக்க வந்தவன். அவன் எங்களோடு ஆடும்போது கவனித்தேன். நெட்டில் நிற்கிற தலைமை ஆசிரியரின் காலுக்கு நேராக அடித்தால் பாயின்ட் முடிந்தது. அவன் கை பாதி தூரம் வேகமாக வரும், கடைசி நொடியில் மணிக்கட்டு தளரும், பந்து அவர் ஃபோர்ஹேண்டுக்கு வசதியாகப் போய் விழும். "ஏன்டா?" என்றால் "சார் மேல பட்டுடும் சார்" என்கிறான். மரியாதைதான். ஆனால் வெளியூரிலும் எதிரில் நரைத்த தலை ஒன்று நின்றால் அவன் மணிக்கட்டு அதேபோல் தளர்கிறது. கைக்குப் பழக்கமாகிவிட்டது, இனி அவன் நினைத்தாலும் உடனே மாறாது. இது நாங்கள் செய்த தவறு. அவன் பலமாக அடித்தால் "மெதுவாடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் நாங்கள்தான். அணி எடுக்கும்போதும் வயதுக்கும் பதவிக்கும் பார்த்து முதல் ஜோடி போட்டவர்கள் நாங்கள்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நெட்டில் நிற்கிற பெரியவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "என்னைப் பார்த்து அடி" என்று. தலைமை ஆசிரியர்தான் முதலில் சொன்னார். முதல் வாரம் பையன் அடிக்கவில்லை. இரண்டாவது வாரம் அடித்தான், பந்து அவர் தொடையில் பட்டுச் சிவந்துவிட்டது, அவன் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். அவர் தேய்த்துக்கொண்டே "முப்பது - லவ், அடுத்த சர்வீஸ் போடு" என்றார். முதல் ஜோடி யார் என்பதையும் இப்போது மார்கழியில் எங்களுக்குள் ஆடிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

ஜூனியர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 12, 14, 16, 18 வயதுப் பிரிவு தரவரிசைப் போட்டிகளுக்கு அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் பதிவு எண் வேண்டும், வயதுச் சான்று வேண்டும். பெயர் கொடுக்கவும் விலகவும் கடைசித் தேதி உண்டு. போட்டிக்கு முதல் வாரம் விசாரித்தால் அந்தத் தேதி போயிருக்கும். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் பத்து நிமிட சைக்கிள் தூரத்தில் மாநிலமே மாறிவிடுகிறது, பள்ளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பள்ளிப் போட்டிதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு எழுத்தும் இருப்பது எங்கள் பையன்களில் பாதிப் பேருக்கு உண்டு. திருத்தி வாங்க அலைய வேண்டிவரும். கோர்ட்டில் தண்ணீர் நிற்கிற ஐப்பசி, கார்த்திகையில் அதை வைத்துக்கொள்ளுங்கள், அப்போது எப்படியும் ஆட முடியாது.