கடைக்கு மின்னிலக்கக் கருவி வாங்க பி.எஸ்.ஜி மானியம்: எதற்குப் பின் எது

கல்லா மென்பொருள், சரக்குக் கணக்கு, இணையக் கடை ஆகியவற்றுக்கான செலவில் பாதிவரை சிங்கப்பூர் அரசாங்கத்தின் பி.எஸ்.ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தில் கிடைக்கும். கொவிட் காலத்தில் 80 விழுக்காடு வரை கொடுத்தார்கள்; 2023 ஏப்ரலிலிருந்து உச்ச அளவு 50 விழுக்காடு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஓராண்டில் ஒரு நிறுவனம் 30,000 வெள்ளிக்கு மேல் பெற முடியாது. நிறுவனம் சிங்கப்பூரில் பதிவாகி இங்கேயே இயங்க வேண்டும். குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்கு குடிமக்களிடமோ நிரந்தரவாசிகளிடமோ இருக்க வேண்டும்.

மானியம் கைநழுவப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, அல்லது முன்பணம் கட்டுவது. விற்பனையாளர் “இந்த வாரம்தான் இந்த விலை” என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பத்து வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் அரசாங்கத்தின் கோபிசினஸ் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலைப் பார்த்து, இரண்டு மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேளுங்கள். பட்டியலில் உள்ள அதே தொகுப்பின் பெயர் விலைப்புள்ளியிலும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு மானியங்களுக்கான அரசாங்கத் தளமான பிசினஸ் கிராண்ட்ஸ் போர்ட்டலில் விண்ணப்பம். இதற்கு கார்ப்பாஸ், அதாவது நிறுவனங்கள் அரசாங்கத் தளங்களில் நுழையப் பயன்படுத்தும் கணக்கு, வேண்டும். நிறுவனத்தின் கார்ப்பாஸ் நிர்வாகி இந்தத் தளத்துக்கான அனுமதியை உங்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் வரும் மானியக் கடிதத்தை ஏற்கத் தனி அனுமதி தேவை. கடைப்பிள்ளை விண்ணப்பத்தை நிரப்பிவிடுவார். கடிதம் வந்ததும் ஏற்க ஆள் இல்லாமல் அது அப்படியே கிடக்கும். இரண்டு அனுமதியையும் முதல் நாளே போட்டுவையுங்கள்.

பணம் முன்கூட்டி வராது. முழுத் தொகையையும் நீங்கள் கட்டி, கருவியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கோரிக்கை வைக்கலாம். பொருள் சேவை வரிக்கு மானியம் இல்லை. தொகுப்பின் விலை 6,000 வெள்ளி என்றால் 9 விழுக்காட்டு வரியோடு 6,540 கட்டுவீர்கள். திரும்ப வருவது 3,000. வரிக்குப் பதியாத கடைக்கு 3,540 வெள்ளி சொந்தச் செலவு. நிறுவனக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். விற்பனையாளரின் விலைப்பட்டியலும் (இன்வாய்ஸ்) வங்கி அறிக்கையும் கோரிக்கைக்குத் தேவைப்படும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ஆதாரம் தேடி அலைய வேண்டாம்.

“உங்கள் பங்கை நாங்களே திருப்பித் தந்துவிடுகிறோம்” என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். செலவைப் பொய்யாகக் காட்டுவது குற்றம். மானியத்தைக் கவனிக்கும் அரசாங்க அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூர் அதைத் திரும்பப் பிடிப்பதோடு விவகாரம் போலீஸ் வரை போகும்.

காகித வேலை ஒரு பங்கு என்றால் பொருள் பட்டியல் மூன்று பங்கு. இதை விற்பனையாளர் தலையில் கட்ட முடியாது. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வாரங்களில் எக்செலில் தொடங்குங்கள்: பட்டைக்குறி, பெயர், அளவு, கொள்முதல் விலை, விற்பனை விலை, கையிருப்பு, எடை. அஞ்சல் கட்டணமே எடையை வைத்துத்தான், அதனால் அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள். மளிகைக் கடையில் சில்லறையாக அளந்து கொடுக்கும் பருப்பை 500 கிராம், 1 கிலோ என்று பொட்டலமாக்கி, ஒவ்வோர் அளவையும் தனிப் பொருளாகப் பதியுங்கள். புடவைக் கடையில் சிக்கல் வேறு: ஒரு நிறத்தில் ஒன்றுதான் இருக்கும். கடையில் அதை விற்ற பத்தாம் நிமிடம் இணையத்தில் இன்னொருவர் பணம் கட்டிவிடுவார். தீபாவளி நெரிசலில் இது தினமும் நடக்கும். ஆகவே கல்லாவும் இணையக் கடையும் ஒரே கையிருப்பைப் பார்க்கும் தொகுப்பாக வாங்குங்கள். செயல்விளக்கத்தின்போதே கல்லாவில் ஒன்றை விற்றுக் காட்டச் சொல்லி, இணையத்தில் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். எத்தனை பொருள்களை அவர்கள் ஏற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

புகையிலைப் பொருள்களை இணையத்தில் விற்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. கடைப் பட்டியலை அப்படியே ஏற்றும்போது அவை சேர்ந்துபோகும், பார்த்து நீக்குங்கள். வரிக்குப் பதிந்த கடை, வரி சேர்த்த விலையையே காட்ட வேண்டும்.

எந்தக் கருவி தேவை என்றே புரியவில்லையா? தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐ.எம்.டி.ஏ-வின் சி.டி.ஓ-அஸ்-எ-சர்வீஸ் தளத்தில் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் கடைக்குப் பொருந்துபவற்றைக் காட்டும். நேரில் பேச விரும்பினால் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையின் எஸ்எம்இ (சிறிய, நடுத்தர நிறுவனங்கள்) நிலையத்தை அணுகலாம்.

கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள்: மானியம் முடிந்த இரண்டாம் ஆண்டில் சந்தா எவ்வளவு? இணைய முகவரி யார் பெயரில் பதிவாகும்? விற்பனையாளரை மாற்றினால் பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் விவரத்தையும் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? முகவரி விற்பனையாளர் பெயரில் இருந்தால் சந்தாவை நிறுத்தும் நாளில் கடையின் இணைய முகவரியும் அவரோடு போய்விடும்.